மதுரையைச் சுற்றி சும்மா நடக்க: குன்று, கண்மாய், காடு, ஆற்றங்கரை

மதுரைப் பக்கம் ஒருத்தர் காரணமில்லாமல் நடந்து போனால் ஊர் நம்பாது. தைப்பூசத்துக்குப் பழநி போகிறவர் நடக்கலாம். நேர்த்திக்கடன்காரர் நடக்கலாம். பஸ்ஸைத் தவறவிட்டவர் நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முதுகில் பையோடு கண்மாய்க் கரையில் போகிற ஆளைக் கண்டால், எதிரே பால் கேனோடு வருகிறவர் வண்டியை நிறுத்தாமல் போக மாட்டார். "எந்த ஊருக்குத் தம்பி? வண்டி கிண்டி ரிப்பேரா?" என்பார். "இல்லண்ணே, சும்மா நடக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பார்.

அதனால் முதலில் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் "அய்யனார் கோயிலைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்வது வழக்கம். பொய்யும் இல்லை. நம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் பெரும்பாலும் ஓர் அய்யனாரோ கருப்போ காவலுக்கு இருப்பார். பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இந்த வழிகாட்டி சிகரம் ஏறுகிறவர்களுக்கானது அல்ல. முழங்கால் ஒத்துழைக்கிற எவரும், பத்து வயதுப் பிள்ளையோ அறுபது வயது அம்மாவோ, காலையில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற மாதிரியான நடைகள் இவை. அம்புக்குறி போட்ட பாதை நம் ஊரில் கிடையாது, ஆனால் தண்ணீர் போன தடம் இருக்கிறது. குன்றில் விழுந்த மழை சுனையில் தேங்கி, ஓடையில் இறங்கி, வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு வந்து, கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போய், கடைசியில் ஆற்றைச் சேர்கிறது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டால் வழி தவறுவது கஷ்டம். நான் நடக்கிற நடையெல்லாம் இந்த ஒரே கணக்கில்தான்.

எந்த மாதம், எத்தனை மணி

மதுரைக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. மழை ஓய்ந்த மார்கழி, தை, மாசிதான் நடைக்கு உகந்த மாதங்கள். கண்மாய் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும், பாறைச் சுனைகளில் தண்ணீர் கிடக்கும். பங்குனியில் ஆற்றங்கரை, தோப்பு என்று நிழலோடு சுருக்கிக்கொள்ளுங்கள். சித்திரையிலிருந்து ஆனி வரை பாறைப் பக்கமே போக வேண்டாம். ஆடியில் காற்று பிய்த்து எடுக்கும். கரை நடைக்கு அது ஒரு தனிச் சுகம், ஆனால் கண்ணில் மண் விழும்.

ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். "வெயில் நமக்குப் புதுசா?" என்று நானும் பேசியவன்தான். ஒரு பங்குனி மாதம், பத்தரை மணிக்கு, கையில் அரை லிட்டர் தண்ணீரோடு சமணர் மலை உச்சியில் நின்றிருந்தேன். இறங்கும்போது சரிவில் உட்கார்ந்து நகரலாம் என்று கையை ஊன்றினேன். தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது. சாலை வெயில் தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. பாறை வெயில் காலுக்குக் கீழிருந்தும் வரும். அன்றைக்கு அடிவாரத்து ஆலமரத்தடியில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்த பிறகுதான் எழுந்து நடக்க முடிந்தது.

சாயங்கால நடை வேண்டுமென்றால் கண்மாய்க் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருட்டில் பாறை இறங்குவது நல்லதில்லை. பாம்புகளும் அந்த நேரத்தில்தான் இரை தேடிக் கிளம்பும்.

பைக்குள் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் போதும் என்று தோன்றும், போதாது. தலைக்குத் தொப்பி அல்லது துண்டு. துண்டுதான் என் தேர்வு. தலைக்கு, வியர்வைக்கு, உட்கார, சுனையில் நனைத்துக் கழுத்தில் போட என்று அது நாலு வேலை செய்யும். கொஞ்சம் கடலை மிட்டாய், முடிந்தால் ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீர்மோர். கைக்கு ஒரு கம்பு, நாய்க்காகவும் புதருக்காகவும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை. அப்புறம் ஒரு ஊக்கு.

ஊக்கு எதற்கு என்றால், சீமைக்கருவேல முள்ளுக்கு. இந்த முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரை நடையில் நமக்கு முதல் எதிரி பாம்பு அல்ல, இதுதான். பச்சையாக இருக்கும்போது வளையும். காய்ந்து பாதையில் விழுந்துவிட்டால் ஆணி. ரப்பர் செருப்பை அடியிலிருந்து துளைத்து உள்ளங்காலைத் தொட்டுவிடும். குத்தியதும் பதறிக் காலை இழுத்தால் நுனி உள்ளே ஒடிந்துகொள்ளும். அப்படியே நின்று, செருப்போடு சேர்த்துக் காலைத் தூக்கி, முள் எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் நேராக உருவ வேண்டும். நுனி தங்கிவிட்டால் ஊக்கின் முனையைத் தீக்குச்சியில் காட்டி, மேல்தோலை மட்டும் நெம்பி எடுக்கலாம். ஆழமாகப் போயிருந்தால் நோண்டாமல் டாக்டரிடம் போங்கள், டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேளுங்கள். இத்தனையும் வேண்டாம் என்றால் கெட்டி அடி வைத்த ஷூ போட்டுக்கொள்ளுங்கள். துணி ஷூ பாதி வேலைக்குத்தான் ஆகும்.

வழியைப் படிப்பது எப்படி

கூகுள் மேப்பில் கண்மாயெல்லாம் நீலமாகத் தெரியும். நேரில் போனால் பாதி கண்மாயில் கருவேலங்காடுதான் இருக்கும். நடக்கிற பாதை அதில் தெரியவே தெரியாது. ஆகவே மேப்பைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் மட்டும் நம்புங்கள்.

கண்மாயின் அமைப்பு பிடிபட்டுவிட்டால் மீதி தானாக வரும். ஒரு பக்கம் வளைந்த உயரமான மண் கரை. அதன் உட்பக்கம் தண்ணீர் நிற்கிற உள்வாய், வெளிப்பக்கம் தாழ்வாக வயல். கரையின் இடையிடையே தண்ணீர் திறந்துவிடுகிற மடை. கரையின் ஓர் ஓரத்தில் உபரி நீர் வழிகிற கலுங்கு, கல்லால் கட்டியது. கரைமேல் ஏறிவிட்டால் சமதளம், ஒரு பக்கம் தண்ணீர்க் காற்று, இன்னொரு பக்கம் நெல், நடுநடுவே பனையும் நாட்டுக்கருவேலும். இதைவிடச் சுகமான நடைபாதையை யாரும் போட்டுத் தர முடியாது. ஊர் பெரும்பாலும் வயல் பக்கத்தில் இருக்கும். கலுங்கிலிருந்து இறங்குகிற ஓடையைப் பிடித்தால் அடுத்த கண்மாய் வரும். தாகமும் களைப்பும் வந்தால் வயல் பக்கம் இறங்குங்கள். உள்வாய்ப் பக்கம் குறுக்கு வழி தேடாதீர்கள். காய்ந்த மாதிரி தெரிகிற சேறு முழங்கால் வரை வாங்கும்.

புதருக்குள் பாதை இரண்டாகப் பிரிந்தால் ஆட்டுப் புழுக்கை அதிகம் கிடக்கிற பக்கம் போங்கள். ஆடு போகிற பாதை தண்ணீருக்கோ ஊருக்கோ போய்ச் சேரும். மாட்டுத் தடம் சில சமயம் நடுக்காட்டுப் புல்லில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மனிதர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "இந்தா, கிட்டக்கத்தான், கூப்பிடு தூரம்" என்பார்கள். அந்தக் கூப்பிடு தூரம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். "நடந்து போனா எந்நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் நடை வேகம் வேறு. கண்மாயில் நூறு நாள் வேலைக்கு அம்மாக்கள் வந்திருந்தால் அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. எந்தப் பாதையில் முள் வெட்டியிருக்கிறார்கள், எந்தத் தோட்டத்து நாய் கடிக்கும், எந்தச் சுனையில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது, எல்லாம் தெரியும். கூடவே உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்பார்கள். அதற்கும் பதில் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற இடத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். செல்போன் சிக்னல் போகிற இடங்களில் அந்த ஒரு வார்த்தைதான் துணை.

முதல் நடை: கீழக்குயில்குடி சமணர் மலை

புதிதாக ஆரம்பிப்பவர் இங்கிருந்து ஆரம்பிக்கலாம். நகரத்துக்கு மேற்கே, தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. மொத்த நடை நாலு ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனாரும் கருப்பும் இருக்கிற கோயில். அதன் பின்புறமாகப் பாறையில் வெட்டிய படிகள் ஏறுகின்றன. மெதுவாக ஏறினாலும் இருபது நிமிடத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். இங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு சுனை, அதன் மேலே பாறை முகப்பில் வரிசையாக எட்டுச் சமணத் திருமேனிகள், ஆயிரம் வருஷத்துக்கும் மேலானவை. கொடி சுற்றிய கால்களோடு நிற்பவர் பாகுபலி. தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்திருந்தால் பார்சுவநாதர். சிலைகளுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறது. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. துறவியாகிப் போன மகனின் அம்மா ஒரு சிலை செய்ய ஏற்பாடு பண்ணியிருக்கிறார். மற்ற பெயர்களையெல்லாம் மறந்துவிட்டேன், இது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

சாய்ந்த காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்துகள் தெரியும். தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். சிலர் தங்கள் பெயரையும் பக்கத்தில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் எனக்குப் பாஷை கெட்டுவிடும்.

அதற்கு மேல் உச்சிக்குப் போவது உங்கள் விருப்பம். பழைய சமணப் பள்ளியின் அடித்தளமும், பக்கத்தில் பாறையில் ஒரு கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. மேற்கே நாகமலை நீண்டு கிடப்பது தெரியும். மழை பெய்த மறுநாள் மேலே போகாதீர்கள். பாறையில் கருப்பாகப் படிந்திருக்கும் பாசி காய்ந்தால் பிடிமானம், நனைந்தால் சோப்பு.

இறங்கிய பிறகு வந்த வழியே பஸ்ஸுக்கு ஓடிவிடாமல், மலையடிவாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பக்கமாக நடங்கள். செட்டிப்புடவு என்ற குகை வரும். முகப்பில் பெரிய தீர்த்தங்கரர் சிலை. நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் 'செட்டியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே விதானத்தை ஒட்டி, சிங்கத்தின் மேல் ஏறி வில்லேந்தி, யானைமேல் வருகிறவனோடு சண்டை போடுகிற இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் சிற்பம் இருக்கிறது. குனிந்து போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். தலை பத்திரம்.

இரண்டாவது நடை: அரிட்டாபட்டி

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மேலூர்ப் பக்கம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், எழுபதுக்கு மேற்பட்ட நீர்நிலைகள், சுமார் 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்பது அந்த அறிவிப்பின் கணக்கு. 2024 நவம்பரில் இதே பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டாரம் முழுக்கக் கொதித்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதனால்தான் வெளியூர் ஆளைப் பார்த்தால் இங்கே கொஞ்சம் கூர்ந்து விசாரிக்கிறார்கள். கோபிக்காதீர்கள். பையைத் திறந்து தண்ணீரையும் கடலை மிட்டாயையும் காட்டினால் விஷயம் முடிந்தது.

இந்த நடையின் சுகம் மேடு பள்ளத்தில் இருக்கிறது. பெரிய ஏற்றம் ஒன்றுகூடக் கிடையாது. மொட்டைப் பாறை ஒன்று முடிந்தால் வயல், வயல் முடிந்தால் கண்மாய், அதன் கரை முடிந்தால் அடுத்த பாறை. ஊரிலிருந்து கிளம்பி, கண்மாய்க் கரை வழியாகக் கழிஞ்சமலையின் மேற்குப் பக்கம் இருக்கிற குடைவரைச் சிவன் கோயிலுக்குப் போங்கள். வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் சிவனின் வடிவமாகச் சொல்லப்படுகிற லகுலீசர், கையில் தண்டோடு. லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். பிறகு பின்பக்கமாகச் சுற்றிக் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகளும் இருக்கிற குகைத்தளத்துக்கு வரலாம். ஊர்ப் பையன் ஒருவன் துணைக்கு வந்தால் நல்லது, தேடி அலைய வேண்டியிருக்காது.

பறவைக்காக வருகிறவர்கள் பாறை விளிம்பைப் பாருங்கள். ராஜாளிக் கழுகும் வல்லூறுகளும் அங்கேதான் அமரும். எட்டரை மணிக்கு மேல் பாறை சூடேறிக் காற்று மேலெழும்ப ஆரம்பித்ததும் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு மேலே போவது தெரியும். கூடு இருக்கிற இடத்துக்கு நெருங்கிப் போகாதீர்கள், படம் எடுக்கிறேன் என்று கல்லெறிந்து கிளப்பவும் வேண்டாம். கண்மாயில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், மீன்கொத்தி. கரைப் புதரில் செம்போத்து, கௌதாரி. மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வயல்காரர்கள் அதை ரசிப்பதில்லை.

தண்ணீர் வற்றுகிற மாசி பங்குனியில் மேலூர் வட்டாரக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கான பேர் ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடி சாமான்களோடு ஒரே நேரத்தில் இறங்குவார்கள். உங்கள் நடை நாளில் அது அமைந்தால் நடையை மறந்துவிடுங்கள். கரையில் நின்று பாருங்கள். சும்மா நின்றால்கூட யாராவது ஒரு கெளுத்தியைக் கையில் திணிப்பார்கள்.

மீனாட்சிபுரத்துப் பக்கம் மாங்குளம் மலையில் இருப்பவை தமிழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் சேர்ந்தவை. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தது. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் அதில் வருகிறது. ஆனால் அந்த ஏற்றம் செங்குத்து, இந்த வழிகாட்டியின் 'சுலபம்' என்ற சொல்லுக்குள் அடங்காது.

மூன்றாவது நடை: அழகர்மலைக் காடு

காடு வேண்டும் என்றால் இதுதான். நகரத்துக்கு வடக்கே 21 கிலோமீட்டர், அடிக்கடி பஸ். பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் சொல்லிவிட்டு, அழகர்கோயிலுக்குப் பின்னால் ஏறுகிற மலைப்பாதையில் நடக்க ஆரம்பிக்கலாம். பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை நாலு கிலோமீட்டர் சுமார். தார்ச்சாலைதான், ஆனால் இரண்டு பக்கமும் மரம் கவிந்திருக்கும். முதியவர்களோடு போகிறவர்கள் ஏறும்போது கோயில் வண்டியில் போய், இறங்கும்போது நடக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் அம்மாவோடு அப்படித்தான் போகிறேன்.

மேலே ராக்காயி அம்மன் கோயில், அங்கே விழுகிற தீர்த்தம். நூபுரம் என்றால் சிலம்பு, அதனால் சிலம்பாறு என்று தமிழ்ப் பெயர். குளிக்க ஒரு மாற்றுத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

குரங்குகள் பற்றி ஓர் எச்சரிக்கை. கையில் பாலித்தீன் பை தொங்கினால் அதற்கு அது சாப்பாடு என்றுதான் அர்த்தம். பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிய பிறகு துரத்தினால் கடிக்கும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள் வைத்துவிடுங்கள், மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு மாட்டுங்கள். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். இது வனத்துறைக் காடு, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இந்த மலைத் தொடரில் காட்டுமாடும் உண்டு. அதிகாலையில் தூரத்தில் கண்டால் அசையாமல் நின்று வழிவிட வேண்டும், செல்போனோடு முன்னே போகக் கூடாது.

கோயிலில் நடை சாத்துவதற்குள் நம் நடையை முடித்துக்கொண்டால் தரிசனமும் ஆகும், கோயில் தோசையும் கிடைக்கும். கனமான தோசை, மிளகும் சுக்கும் தூக்கலாக, நெய்யில் வெந்தது. ஒன்றை இரண்டு பேர் பங்கு போடலாம்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் கள்ளந்திரியில் இறங்குங்கள். பெரியாறு பிரதானக் கால்வாய் அங்கே சாலையைக் கடக்கிறது. கரையோடு அரை மணி நேரம் நடக்கலாம். தண்ணீர் ஓடும்போது கால்வாயில் இறங்கிக் குளிக்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும், கீழே இழுக்கும்.

நான்காவது நடை: சோழவந்தானிலிருந்து திருவேடகம்

எனக்குப் பிடித்தது இதுதான் என்பதால் கடைசிக்கு வைத்தேன். மதுரைக்காரர்கள் வைகையைப் பாலத்தின் மேலிருந்து பார்த்து "ஆறா இது?" என்று சலித்துக்கொள்கிறவர்கள். அவர்கள் சோழவந்தான் பக்கம் வந்து ஆற்றைப் பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து காலையில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் சோழவந்தான். நெல்லும் தென்னையும் வாழையும் வெற்றிலையுமாக இருக்கும். முல்லைப் பெரியாற்று நீர் வைகை வழியாகப் பேரணை என்ற அணைக்கு வந்து, அங்கிருந்து பிரதானக் கால்வாயில் பிரிகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். போன நடையில் கள்ளந்திரியில் பார்த்தோமே, அந்தத் தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வந்து, ஜெனகை மாரியம்மன் கோயிலைத் தாண்டினால் கொடிக்கால்கள், அதாவது வெற்றிலைத் தோட்டங்கள், ஆரம்பிக்கும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் போக ஆசை இருந்தால் உள்ளே வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், அது அங்கே கோயில் மாதிரி. உயரமான அகத்தி வரிசைகள், அதைப் பற்றி ஏறுகிற கொடி, இரண்டு வரிசைக்கு நடுவே தண்ணீர் நிற்கிற பாத்தி. வெளியே எட்டு மணி வெயில் அடிக்க, உள்ளே பச்சை இருட்டு. கிள்ளுகிறவரின் கை இலையைப் பார்க்காமலே காம்போடு கிள்ளிப் போட்டுக்கொண்டே போகும். ஒரு தடவை ஓர் ஐயா இரண்டு இலையைக் கொடுத்து, "சும்மா மெல்லுங்க தம்பி, பாக்கு இல்லாமலே இனிக்கும்" என்றார். இனிக்கவில்லை, உறைத்தது. ஆனால் காரத்துக்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி இருந்தது.

அங்கிருந்து ஆற்றை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே நடக்க வேண்டும். அக்கரையில் தெரிவது தென்கரை. பாதை சில இடத்தில் தோப்புக்குள் போகும், சில இடத்தில் வாய்க்கால் வரப்பு, சில இடத்தில் தார்ச்சாலையிலேயே கொஞ்ச தூரம். நடவு முடிந்த வரப்பில் நடக்காதீர்கள், மண் இளகி உடைந்துவிடும். சுற்றிப் போனால் பத்து நிமிடம்தான் கூடும். தோப்பில் விழுந்து கிடக்கிற தேங்காயை எடுக்க வேண்டாம். இளநீர் கேட்டால் வெட்டித் தருவார்கள், காசு கொடுங்கள்.

சுமார் நாலு கிலோமீட்டரில் திருவேடகம் வந்துவிடும். ஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து கரை சேர்ந்த இடம் என்பது ஐதீகம். ஏடு ஆற்றை எதிர்த்து வந்தது, நீங்கள் ஆற்றோடு போகிற திசையில் நடந்து வந்திருக்கிறீர்கள். ஏடகநாதர் கோயில் அமைதியான கோயில். படித்துறைப் பக்கம் உட்கார்ந்து காலை ஆற்றில் வைக்கலாம், ஆனால் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் இருக்கும், பிள்ளைகளை இறக்காதீர்கள். திரும்புவதற்கு மேலக்கால் வழியாக மதுரைக்கு பஸ் உண்டு.

சொல்லாமல் விட்டவை

யானைமலையைச் சேர்க்கவில்லையே என்பீர்கள். ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போய், கி.பி. 770இல் கல்வெட்டுப் பொறித்த குடைவரை நரசிங்கப் பெருமாள் கோயிலையும் லாடன் கோயிலையும் பார்த்து, அடிவாரத்தோடு திரும்புவது நல்ல நடை. முதுகில் ஏறுவதுதான் பலரை மாட்டிவிட்டிருக்கிறது. வழுக்குப் பாறை, கைப்பிடி கிடையாது. குட்லாடம்பட்டி அருவி மழைக்காலத்தில் அழகு, ஆனால் அனுமதி இருக்கிறதா என்று வாடிப்பட்டியிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். சிறுமலை ஒரு நாள் வேலை, தனியாக எழுத வேண்டும்.

ஏதாவது ஆனால்

குன்றுப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். கீழே புகை போடுவது, பட்டாசு, சத்தமான பாட்டு, தூக்கலான சென்ட் எதுவும் வேண்டாம். கிளம்பிவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே உண்டு. மந்திரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளில் பச்சைப் பசேலென்று தண்ணீர் நிற்கும். கரை செங்குத்து, ஆழம் சொல்ல முடியாது. பார்க்கக்கூட ஓரத்துக்குப் போகாதீர்கள். வயல் நடுவே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளும் இருக்கும். புல் மூடியிருந்தால் தெரியாது, கம்பை முன்னால் தட்டிக்கொண்டே போங்கள்.

கோயில் காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது, விறகு ஒடிக்கக் கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. மற்ற இடத்தில் முள்ளுக்குப் பயந்து ஷூ போடச் சொன்ன நான், இங்கே கழற்றச் சொல்கிறேன். காட்டின் வாசலில் வேலோ மண்குதிரையோ நின்றால் யாரையாவது கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பேன்ட்டின் கால் பகுதியில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் அப்பியிருக்கும். பஸ் ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்து பிடுங்கிவிடுங்கள், பக்கத்து சீட்டுக்காரர் சேலையில் ஒட்டினால் திட்டு வாங்க வேண்டியது நீங்கள்தான். வீட்டில் உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருங்கள். அப்புறம் ஷூவைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து அடியைத் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று முள்ளாவது பாதி ஏறி ஒடிந்து நிற்கும். இடுக்கியால் இப்போதே பிடுங்குங்கள். விட்டுவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கிலோமீட்டரில் மீதிப் பாதியும் ஏறிவிடும்.